நல்லதண்ணி: ஒரு வரலாற்றுக் கணக்கு

1

தூத்துக்குடியில் எங்க அத்தை வீட்டில் எப்போதும் இரண்டு வகைக் குடம் இருக்கும். வாசலில் நீலப் பிளாஸ்டிக் குடம், உப்புத்தண்ணிக்கு. உள்ளே எவர்சில்வர் குடம். தட்டு போட்டு மூடி, மேலே செம்பைக் கவிழ்த்து வைத்திருப்பாள். அது நல்லதண்ணிக்கு. சிவகிரியிலிருந்து முதல் தடவை அங்கே போனபோது எனக்கு ஒன்பது வயசு. வெயிலில் வந்த வேகத்தில் எவர்சில்வர் குடத்தில் ஒரு செம்பு மொண்டு முகம் கழுவிவிட்டேன். அத்தை அடிக்கவில்லை. "ஏ மருமவளே, அது வாய்க்குள்ள போற தண்ணிட்டீ. மூஞ்சிக்கு ஊத்தலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் உப்பளத்தில் வேலை பார்த்தவள். பகலெல்லாம் உப்புக்குள் நின்றுவிட்டு வந்து, ராத்திரி உப்புத்தண்ணியிலேயே கால் கழுவி, பிளந்த வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். கடலோரம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் திரும்பி எங்க தெரு அடிபம்பில் தண்ணி அடித்துக் குடித்தபோதுதான் உறைத்தது. இதுவும் கரிக்கிறதே!

எங்க ஊர் கடலோரம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். கேரளத்தின் பெரியாறு பிறப்பது சிவகிரி மலையில்தான் என்பார்கள். மலையின் கிழக்குச் சரிவில் விழுகிற மழை ஓடைகளாக இறங்கி, கண்மாய்களை நிரப்பி, மிச்சம் மீதி வைப்பாற்றில் சேர்ந்து, தூத்துக்குடிக்கு வடக்கே கடலில் கலக்க வேண்டிய தண்ணி. அப்படிப்பட்ட ஊரில் எங்க தெருத் தண்ணியில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

கடலோரத்து உப்புக்குக் கடல் காரணம். மலையடி உப்புக்கு எது காரணம்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

2

முதலில் தண்ணியைப் பற்றி. தண்ணியில் கரைந்திருக்கிற கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். இவை சோப்போடு சேர்ந்து திரிந்து போவதால் நுரை வருவதில்லை. பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இவற்றின் வேலைதான். பைகார்பனேட்டாக இருந்தால் கொதிக்க வைத்தால் படிந்து போகும். சல்பேட்டாகவோ குளோரைடாகவோ இருந்தால் எவ்வளவு விறகு எரித்தாலும் போகாது. உப்புக் கரிப்பு என்பது வேறு. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது கறி உப்பு. கடலோரத்தில் இரண்டும் சேர்ந்தே வரும்.

நுரையை வைத்து அளப்பதுதான் பழைய பரிசோதனை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் சோப்புக் கரைசலைத் தண்ணியில் விட்டுக் குலுக்கி, நுரை நிற்கிறதா என்று பார்த்தே கடினத்தன்மையைக் கணக்கிட்டார்கள். இதை எங்க அம்மாக்கள் எந்தக் கல்லூரிக்கும் போகாமலே செய்துகொண்டிருந்தார்கள். ஊரின் எந்தக் கிணற்றுத் தண்ணி எப்படி என்பதை, நமக்கும் கீழே என்று நாமே தள்ளி வைத்திருந்த புதிரை வண்ணார்தான் எல்லாரையும் விட நன்றாக அறிந்தவர். துணி வெளுத்த கைகள்தான் இந்த மண்ணின் முதல் ஆய்வகம். அந்த ஆய்வகத்தின் அறிக்கையை யாரும் எழுதி வைக்கவில்லை.

கடலோர நிலத்துக்கு அடியில் மழைத்தண்ணி, கடல் தண்ணியின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்லதண்ணி கனம் குறைவு, உப்புத்தண்ணி கனம் அதிகம். கடல் மட்டத்துக்கு மேலே நல்லதண்ணி ஓர் அடி உயரம் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும். மேலே ஓர் அடி உறிஞ்சினால் கீழே உப்பு 40 அடி ஏறும் என்று ஆகிறது. போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவன் ஒருவன், உப்பு ஏறிய கிணற்றில் வாளி விடுகிறவள் இன்னொருத்தி. கடலும் தானாக வந்து வீட்டுக்குள் ஏறுவதில்லை. யாரோ கூப்பிட்டால்தான் வருகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தர அளவு (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுத் திருத்தம்) இப்படிச் சொல்கிறது: கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. 'மாற்று நீராதாரம் இல்லாத நிலையில்' 600 வரை அனுமதிக்கலாம். கரைந்த மொத்தத் திடப்பொருள் 500 வரை ஏற்கத்தக்கது. 'மாற்று நீராதாரம் இல்லாத நிலையில்' 2000 வரை போகலாம்.

தோழர்களே, இந்த 'மாற்று நீராதாரம் இல்லாத நிலையில்' என்கிற வாசகத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பாலைவனத்துக்கும் கடலோரத்துக்கும் எழுதிய வாசகம். எங்க தெருவில் மாற்று நீராதாரம் இருந்தது. கூப்பிடு தூரத்தில், ஊர்த்தெருவில் இருந்தது. அதற்குப் பெயரே நல்லதண்ணிக் கிணறு. எங்க ஆச்சி சொல்லுவாள்: "கெணத்துக்குத் தள்ளி கொடத்த வச்சிட்டு நிக்கணும். மனசுள்ளவ ஒருத்தி வந்து எட்ட நின்னு ஊத்துனாத்தான் தண்ணி. யாரும் வரலைன்னா வெறுங்கொடம்." இல்லாத நிலை ஒன்று. இல்லாமல் ஆக்கிய நிலை இன்னொன்று. தர அளவுப் பட்டியலில் இந்த இரண்டாவதற்குக் கட்டம் கிடையாது.

3

தூத்துக்குடிக்கு வருவோம். கிணறெல்லாம் உவர்ப்பாக இருந்த அந்தத் துறைமுக ஊருக்கு, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணி குழாயில் வந்தது 1927இல். நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துதான் அதைக் கொண்டுவந்தவர். பரதவர் சமூகத்தில் பிறந்த மனிதர். கடல் தண்ணியோடு காலம் தள்ளுகிற மக்களிலிருந்து வந்தவருக்கு நல்லதண்ணியின் அருமை தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. தூத்துக்குடி மக்கள் இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். நினைக்க வேண்டியதுதான்.

அதே 1927. மார்ச் 20ஆம் தேதி. மராட்டியத்தில் கொலாபா மாவட்டத்து மகத் என்கிற சிற்றூர். ஆயிரக்கணக்கான தீண்டப்படாதார் ஊர்வலமாகப் போய் ஒரு குளத்தில் இறங்கினார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் கையால் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்கள் குடித்தார்கள். அந்தக் குளத்தின் பெயர் சவ்தார் குளம். மராத்தியில் 'சவ்தார்' என்றால் சுவையானது என்று அர்த்தம். நம்ம பாஷையில் சொன்னால் நல்லதண்ணிக் குளம்!

அது சும்மா நடந்துவிடவில்லை. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1924இல் மகத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தே கிடந்தது. இறங்கத்தான் முடியவில்லை. இறங்கியவர்களைச் சாதி இந்துக்கள் தடியோடு தேடித்தேடி அடித்தார்கள். பிறகு சாணம், கோமியம், பால், தயிர் கலந்து 108 பானைகளில் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்தது. டிசம்பர் 25ஆம் தேதி அதே மகத்தில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. வழக்கு நடந்து, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 1937 மார்ச்சில். ஒரு கை தண்ணிக்குப் பத்து வருசம்.

அந்தக் குளத்து நீரைக் குடிக்காததால் நாம் செத்துப்போய்விடவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்கிற கருத்தில் அம்பேத்கர் மகத்தில் பேசினார். அந்த வார்த்தையின் கனம் நமக்குத் தெரியும். ஆனால் குளத்தின் பெயரையும் மறக்க வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. எந்தச் சேரிக்கும் முற்றாகத் தண்ணி இல்லாமல் இருந்ததில்லை. தண்ணி இல்லாமல் மனிதர் வாழ முடியாது, நாம் வாழாமல் அவர்கள் வயல் விளையாது. நமக்கு மறுக்கப்பட்டது சுவையான தண்ணி. சாதியின் கோடு தண்ணிக்கும் வறட்சிக்கும் நடுவே போகவில்லை. நல்லதண்ணிக்கும் உப்புத்தண்ணிக்கும் நடுவே போனது. 1932இல் பிரேம்சந்த் எழுதிய இந்திக் கதை ஒன்றிலும் இதுதான் விசயம். சேரிக் கிணற்றுத் தண்ணி நாறுகிறது. நோயாளிப் புருசனுக்கு நல்லதண்ணி மொள்ள ஒரு பெண் இருட்டில் தாக்கூரின் கிணற்றுக்குப் போகிறாள்.

1927இன் இந்த இரண்டு தண்ணிக் கதையில் முதல் கதையைத் தமிழ்நாட்டு நகர வரலாறு எழுதுகிறது. இரண்டாவதைத் தலித் வரலாறு எழுதுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கிற வேலைதான் பாக்கி. குழாய் எந்த வருசம் வந்தது என்பதோடு நகர வரலாறு நின்றுவிடுகிறது. நம்ம வரலாறு கேட்க வேண்டியது: குழாய் எந்தத் தெருவில் நின்றது, எந்தத் தெருவோடு முடிந்தது?

4

சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? 1920களில் தாழ்த்தப்பட்டோர் நலனைத் தொழிலாளர் ஆணையர் என்கிற அதிகாரியிடம் கொடுத்திருந்தார்கள். அந்தத் துறை சேரிகளுக்கு வீட்டுமனை வாங்கியது, பள்ளிக்கூடம் வைத்தது, கிணறும் வெட்டியது. தனிக்கிணறு. அது வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நம் முன்னோர் இல்லை. குட்டைத் தண்ணியைக் குடித்தவர்களுக்கு அது பெரிய விசயம். ஆனால் கிணறு எங்கே வெட்டப்பட்டது? சேரி இருந்த இடத்தில். சேரி எங்கே இருந்தது? ஊருக்கு உதவாத நிலத்தில். மேட்டிலோ பள்ளத்திலோ களரிலோ. நல்ல ஊற்று இருக்கிற இடத்தில் ஊர் உட்கார்ந்துகொண்டது. நிலம் கொடுத்த தண்ணிதானே கிணற்றில் ஊறும்?

இதைப் புரிந்துகொண்டவர்கள் பொது நீர்நிலையைக் கேட்டார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்கிற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி எழுதியது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி என்று அடுக்கிக்கொண்டே வந்து 'தண்ணீர்க் குழாய்' என்ற வார்த்தையையும் சேர்த்தது. குழாய் வந்தால் சாதி ஒழியும் என்று ஒரு நம்பிக்கை இருந்த காலம் அது. கிணற்றில் என் வாளி விழுந்தால் தண்ணி முழுக்கத் தீட்டு. குழாயில் என் கை பட்டால் தீட்டு தண்ணியோடு கீழே ஓடிவிடும், மேலே ஏறாது. படித்த முற்போக்காளர்கள் இப்படித்தான் நினைத்தார்கள். குழாயடியில் குடத்தைக் கழுவி வைத்துவிட்டு, எங்களுக்குப் பிறகு குழாய் வாயையும் கழுவிவிட்டுத் தண்ணி பிடித்த பொம்பளைகளை அவர்கள் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் அந்தத் தீட்டு மெல்லக் குறைந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்தது. அதற்குப் பெயர் அழுத்தம்.

மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் இருக்கும். தண்ணி தொட்டியிலிருந்து இறங்கி ஊர்த்தெரு, பஜார் எல்லாம் தாண்டி, கடைசியில் காலனிக்கு வரும். வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடுகள். வர வர அழுத்தம் குறையும். வயலுக்குக் கடைமடை மாதிரி, குழாய்க்கும் கடைமடை உண்டு. கடைமடைக்கு வராத தண்ணிக்குப் பதிலாகக் காலனியிலேயே ஒரு போர் போட்டு, அதன் தலையில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்துவிடுகிறார்கள். ஊருக்கு ஆற்றுத்தண்ணி, காலனிக்குப் போர்த்தண்ணி. பாறைக்குள் ஆழத்தில் நெடுங்காலம் கிடந்த தண்ணி பாறையின் தாதுவைக் கரைத்துக்கொண்டு வரும். கரிக்கும். வெட்டின தனிக்கிணறு இப்போது தலைக்கு மேலே பிளாஸ்டிக்கில் நிற்கிறது. மலையடி உப்புக்குக் காரணம் இதுதான். யாரும் தடுக்கவில்லை, யாரும் திட்டவில்லை, சட்டப்படி யார் மீதும் வழக்குப் போட முடியாது. குழாயின் நீளம் சாதியை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை எங்க தெருப் பெண்களோடு ஒரு அலுவலகத்துக்கு மனு கொண்டு போனோம். பொதுத்தொட்டிக் குழாயைத் தெரு வரைக்கும் நீட்டச் சொல்லி. 'மேடும்மா, தண்ணி ஏறாது, டெக்னிக்கலா வாய்ப்பில்லை' என்றார் ஒருவர். மேற்கே போன பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி மதுரைப் பக்கம் பாய வைத்தது 1895இல். அந்த ஆறு பிறக்கிற மலையின் அடியில் உட்கார்ந்துகொண்டு, நாலு தெரு தள்ளித் தண்ணி ஏறாது என்கிறார்கள்.

5

2006இல் வெளிவந்த 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆய்வு, 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதிக் கிராமங்களில், 48 சதவீதத்துக்கும் மேல், தலித்துகளுக்குப் பொது நீராதாரம் மறுக்கப்பட்டது. அரசியல் சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

தனித்தொட்டி கிடைத்துவிட்டால் நிம்மதியா? புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். தலித் குடும்பங்களுக்குத் தண்ணி கொடுத்த 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. மருத்துவர்கள் தண்ணியைப் பாருங்கள் என்றார்கள். 2022 டிசம்பர் 26ஆம் தேதி தொட்டி மேல் ஏறிப் பார்த்தால் உள்ளே மனித மலம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே இதை யோசித்திருந்தது. தலித், பழங்குடி மக்கள் பயன்படுத்தும் நீராதாரத்தை, பயன்பாட்டுக்குத் தகுதி குறையும்படி அசுத்தப்படுத்துவது குற்றம் என்று தனியாக எழுதியது. இரண்டு வருசத்துக்கு மேல் விசாரித்துவிட்டு, 2025 சனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீஸ் அந்தத் தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை கொடுத்தது. அந்த மக்களும் தலித் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

108 பானைச் சாணம் கரைத்து 'சுத்தம்' செய்யப்பட்ட மகத் குளத்திலிருந்து வேங்கைவயல் தொட்டி வரைக்கும் 95 வருசம்.

சட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1924, 1938, 1955: கிணற்றுக்கும் குழாய்க்கும் போகிற உரிமை. 1989: இருக்கிற தண்ணியைக் கெடுத்தால் தண்டனை. ஆனால் ஊருக்கு நல்ல ஆதாரம், காலனிக்கு மோசமான ஆதாரம் என்று பிரித்துக் கொடுப்பது எந்தப் பட்டியலிலும் குற்றமாக இல்லை. அது நிர்வாகம். 200 மில்லிகிராம் ஊருக்கு, 600 காலனிக்கு.

6

கடினத்தன்மையே ஒரு நோய் என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. நாமும் மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் அதன் செலவை யார் கொடுக்கிறார்கள்? கூடுதல் சோப்பு, கூடுதல் கேஸ், தண்ணிக்காக நிற்கிற நேரம். இப்போது 20 லிட்டர் கேன். வசதியுள்ள வீட்டில் ஆர்.ஓ. மெசின். அதுவும் உள்ளே விடுகிற தண்ணியில் பெரும்பகுதியை, உப்பை இன்னும் கெட்டியாக்கிக் கழிவாக வெளியே தள்ளும். 1930இல் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். இன்றைக்கு உப்பிலிருந்து தப்பிக்க எங்க தெருக்காரி கேனுக்குக் காசு கொடுக்கிறாள். இதுவும் உப்பு வரிதான். நாட்டுக்கே உப்பு வாரிக் கொடுத்த எங்க அத்தையும் அதைக் கட்டினாள்.

தண்ணியே இல்லை என்று சொல்லவும் முடியாது. தூத்துக்குடி ஆலைகளுக்குத் தாமிரபரணியிலிருந்து தண்ணி கொடுக்கப் போட்ட திட்டத்தின் பெயரே '20 எம்.ஜி.டி.'. ஒரு நாளைக்கு 2 கோடி கேலன், சுமார் 9 கோடி லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து ஆளுக்கு நிர்ணயித்தது நாளைக்கு 55 லிட்டர். வகுத்துப் பார்த்தால், 16 லட்சம் பேரின் ஒரு நாள் தண்ணி.

இனி என்ன செய்ய? பெரிய தத்துவம் வேண்டாம். ஒரே நாளில் ஊர்த்தெருவிலும் காலனியிலும் தண்ணி எடுத்து, தேதி போட்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுப்போம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஐந்து பேரில் காலனிப் பெண் எத்தனை என்று கேட்போம். குழாய் போகிற பாதையை வரைபடமாகப் போடுவோம். அப்படிப் போடும்போது நமக்குள்ளே இருக்கிற கடைமடையையும் மறைக்காமல் போடுவோம். காலனியின் கடைசியில் இருக்கிற அருந்ததியர் வீட்டுக்கும் புதிரை வண்ணார் வீட்டுக்கும் குழாய் போகிறதா என்று முதலில் பார்ப்போம். அதைப் பார்க்காமல் ஊரைக் கேள்வி கேட்க நமக்கு வாய் இல்லை.

மார்ச் 20 மகத் நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்றைக்குக் கிராம சபை கூடுகிறது. எங்க சிவகிரி பேரூராட்சி, இங்கே கிராம சபை கிடையாது. சுற்றி இருக்கிற ஊராட்சிகளில் உண்டு. முதல் நாள் மகத்தைப் பற்றிப் பேசிவிட்டு, மூன்றாம் நாள் இரண்டு பாட்டில் தண்ணியோடு சபைக்குப் போவோம். ஒன்று ஊர்த்தண்ணி, ஒன்று காலனித்தண்ணி. இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டு எல்லார் முன்னாலும் குலுக்குவோம். எது நுரைக்கிறது, எது நுரைக்கவில்லை என்று சபையே பார்க்கட்டும். பார்த்துவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்வோம்: இந்த ஊரில் மாற்று நீராதாரம் இருக்கிறது.

அத்தை இப்போது இல்லை. அவள் எவர்சில்வர் குடம் என் வீட்டில் இருக்கிறது. அடியில் படிந்த வெள்ளை எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகவில்லை.